‘போனார்’ என்றொரு அச்சுப்பிழை

எங்கள் கடையில் அச்சுப்பிழை வந்தால் அது என் தலையில்தான் விடியும். பேர்லினில், நொய்கெல்னில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சின்னக் கடை அது. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கடைகளின் பெயர்ப்பலகை, மரண அறிவித்தல், இடைக்கிடை ஜேர்மன்காரரின் கண்காட்சிப் பலகைகள் என்று எல்லாம் அடிப்போம். முதலாளி யாழ்ப்பாணத்து மனிதர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஐம்பத்தாறு வயதில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட இந்த நகரத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். எழுத்துக் கோர்ப்பதும் பிழை பார்ப்பதும் என் வேலை. ஒருமுறை ஒரு சாப்பாட்டுக்கடைத் திறப்புவிழாவுக்கு ‘வருக வருக’ என்று அடிக்க வேண்டிய பதாகையை ‘வறுக வறுக’ என்று அடித்துவிட்டேன். கடைக்காரர் கோபிக்கவில்லை, கோழி நன்றாகப் போகிறது என்றார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துத்தான் படிக்கிறேன்.

ஆகவே போன வசந்தத்தில் ஒரு ஜேர்மன் அம்மா உள்ளே வந்து, உங்கள் பலகையில் ஓர் அச்சுப்பிழை இருக்கிறது என்றபோது எனக்கு ‘வறுக வறுக’தான் ஞாபகம் வந்தது. எண்பத்தைந்து வயது. மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். கைப்பையிலிருந்து ஒரு மாதிரித் தாளை எடுத்து மேசையில் விரித்தார். அடியில் எங்கள் கடை முத்திரை இருந்தது.

அது ஒரு நூலகத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்கான பலகை. நகரத்தின் கிழக்கில், ஆற்றங்கரைத் தொழிற்சாலைப் பகுதியில், போர் முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் கண்காட்சியின் விஷயம். தாளில் பெரிதாக ஒரு மனிதரின் படம். கண்ணாடி போட்டவர், கருவிகள் பரப்பிய மேசைக்குப் பின்னால் நின்றார். கீழே நாலு வரி. பிறந்தது, படித்தது, தொழிற்சாலையில் வானொலிக் கருவிகள் செய்தது. பிறகு, போர் முடிந்த மறுவருடம் நிபுணராகச் சோவியத் யூனியனுக்குப் போனார், ஏழு வருடம் கழித்துத் திரும்பினார்.

அந்த அம்மா ‘போனார்’ என்ற சொல்லின் கீழ் நகத்தை வைத்தார். ஜேர்மன் மொழியில் அது ‘கிங்’, நாலே எழுத்து. நாலும் சரியாக இருக்கின்றனவே என்றேன்.

“எழுத்து சரி. சொல்தான் பிழை. அப்பா போகவில்லை” என்றார்.

கதிரை போட்டு உட்கார வைத்தேன். கோப்பி கொடுத்தேன், தொடவில்லை. படத்திலிருப்பவர் அவருடைய தகப்பன். படத்தைக் கொடுத்து உதவியதால் கண்காட்சிப் பொறுப்பாளர் மாதிரித் தாளின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பியிருந்தார். இந்த அம்மா அவரிடம் சொல்லிப் பார்த்தாராம். ஆலோசனைக் குழு ஒத்துக்கொண்ட வாசகம், மாற்ற ஏலாது என்றுவிட்டாராம். அதனால் அடிக்கிறவர்களிடமே நேராக வந்துவிட்டார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்தது.

அவர்கள் வீட்டில் நாலு பேர். தகப்பன், தாய், பத்து வயதுத் தமையன், ஆறு வயதில் இவர். அது ஒக்டோபர் மாதம், பள்ளிக்கூடங்களுக்கு உருளைக்கிழங்கு விடுமுறை. பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கவென்றே விட்ட விடுமுறை. பசிக்காலம், ஒரு பை கிழங்காவது வீட்டுக்கு வரும் என்று தமையனை நாட்டுப்புறத்தில் ஒரு சிற்றப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம் ஒருநாள் விடியப்புறம் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஓர் அதிகாரி, துவக்கோடு சிப்பாய்கள், கையில் தாளோடு ஒரு மொழிபெயர்ப்புப் பெண். தொழிற்சாலையைச் சோவியத் யூனியனுக்கு மாற்றுகிறோம், நீங்களும் மாற்றப்படுகிறீர்கள், மூட்டை கட்டுங்கள் என்று அவள் வாசித்தாள். அதே காலையில் இப்படி எத்தனையோ தெருக்களில் எத்தனையோ கதவுகள் தட்டப்பட்டன. வானொலி தெரிந்தவன், விமானம் தெரிந்தவன், ரொக்கெட் தெரிந்தவன் என்று பொறுக்கி ரயிலேற்றினார்கள். அமெரிக்கர்கள் மறுபக்கத்தில் தங்களுக்கு வேண்டியவர்களை ஏற்கெனவே பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வென்றவர்களுக்கு நாட்டோடு சேர்த்து மூளையும் வேண்டியிருந்தது.

மகன் இங்கே இல்லை என்று தாய் சொன்னாளாம். மொழிபெயர்ப்புப் பெண் அதை அதிகாரியிடம் சொன்னாள். பிறகு அனுப்பி வைப்போம் என்றான் அவன். அனுப்பவில்லை. ஐந்து நாள் கழித்துத் தமையன் தோளில் கிழங்குப் பையோடு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, அவர்கள் ரஷ்யாவுக்குப் போய்விட்டார்களே என்றாள். அந்த வார்த்தையோடு தமையன் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தார். இவர்கள் திரும்பியபோது அவருக்குப் பதினேழு வயது. அதற்குள் மேற்கு ஜேர்மனிக்குப் போய்விட்டார். இப்போது ஹனோவரில் இருக்கிறார். தாயின் செத்தவீட்டுக்கு வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார். யார் என்ன சொல்லத் தொடங்கினாலும் அவருக்கு ஒரே பதில்தான். நீங்கள் போனீர்கள்.

“கண்காட்சிக்கு அவரையும் அழைத்திருக்கிறார்கள். வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். எண்பத்தொன்பது வயது. வந்து, பூதக்கண்ணாடி வைத்து இதை வாசிப்பார். பார், அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது என்பார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நேரம் இல்லை” என்றார் அந்த அம்மா. அழவில்லை. கோப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பயங்கரமான காரியத்தை மெத்தென்ற சொல்லால் சொல்வோம். ஒருவர் செத்தால் மோசம் போயிட்டார் என்போம். ஆமி ஆளைப் பிடித்து இழுத்துப் போனாலும் ‘கூட்டிக்கொண்டு போனவங்கள்’ என்போம், ஏதோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவதுபோல. என் தம்பி ரேடியோ திருத்தப் படித்தவன். ரேடியோ தெரிந்தவன் இயக்கத்துக்கு வேலை செய்வானோ என்ற சந்தேகமே அன்றைக்கு ஓர் ஆளை ஜீப்பில் ஏற்றப் போதுமாக இருந்தது. தொண்ணூறுகளில் நான் இங்கே வந்து அகதி விசாரணையில் உட்கார்ந்து, “தம்பியை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனவங்கள்” என்றேன். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர், எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தவர். அவர் காதில் அது அவர் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது, அங்கே கூட்டிக்கொண்டு போவது என்றால் துணைக்கு அழைத்துப் போவதுதானே. தம்பி இராணுவத்தோடு கூடப் போனார் என்று ஜேர்மனில் சொல்லிவிட்டார். அவரில் பிழை சொல்ல ஏலாது. கடைசியில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். “உங்க தம்பி ராணுவத்தோட போனார், சரிதானேம்மா?” என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். பெரிய மனிதரை மறித்துப் பேசக் கூச்சம், களைப்பு வேறு. ஓம் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அந்த ‘ஓம்’ஐ நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

மறுப்புக் கடிதம் வந்தது. சகோதரர் இராணுவத்தோடு இருக்கிறார், ஆகவே குடும்பத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது வருடம் ஆறாறு மாதமாக விசா நீட்டிக்கொண்டு இருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. தம்பி திரும்பி வரவே இல்லை. அவனைப் பற்றி உலகத்தில் எந்த அரசாங்கத் தாளிலாவது ஒரு வரி இருக்கிறது என்றால் அது இதுதான், அவன் போனான் என்று. எழுதியவர்களுக்கு அது ஒரு வினைச்சொல்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அச்சுப்பிழைதான், திருத்தத்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

முதலாளி பின்னறையிலிருந்து கையில் பசையோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“தங்கச்சி, அவை அனுப்பினதை அடியும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதையும். நாங்கள் பலகை அடிக்கிறவை, சரித்திரம் எழுதிறவை இல்லை.”

“பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு என்னால அடிக்க ஏலாது, அண்ணை.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். தம்பியின் கதை அவருக்குத் தெரியும். “அப்ப நீரே போய்க் கேளும். கையெழுத்தோட வாரும். கையெழுத்தில்லாமல் மெசின் ஓடாது” என்றார்.

வியாழக்கிழமை டெர்மின், அதாவது பொறுப்பாளரைச் சந்திக்க நேரம், கிடைத்தது. நானும் அந்த அம்மாவும் ட்ராம் ஏறி நூலகத்துக்குப் போனோம். பொறுப்பாளர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், வரலாறு படித்தவர், பணிவானவர். பலகை அடிக்கிற பெண் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவர் முகத்தில் ஒரு கேள்வி ஓடியது, ஆனாலும் கதிரை தந்தார். போனவர்களில் சிலர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். சிலருக்குச் சோறும் வேலையும் கிடைக்கும் என்று விருப்பம்கூட இருந்திருக்கலாம். ஒவ்வொருவர் மனதையும் இப்போது அளக்க முடியாது, அதனால்தான் குழு நடுநிலையான சொல்லாகத் தேர்ந்தது என்றார். ஒப்பந்தத்தை எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று அந்த அம்மா கேட்டார். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு என்று அவரே ஒத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, ‘போனார்’ வேண்டாமென்றால் ‘வந்து சேர்ந்தார்’ என்று போடலாம், அல்லது ‘சென்றடைந்தார்’ என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனார், வந்து சேர்ந்தார், சென்றடைந்தார். மூன்று சொல்லையும் அந்தத் தகப்பனின் காலிலேயே கட்டியிருந்தார்கள், தானே நடந்து போனதுபோல. ஒரு வசனத்திலாவது ஒரு சிப்பாய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

“இந்த நாலு வரிக்குள்ளே துவக்கு எங்கே? துவக்கு இல்லாத நடுநிலை வென்றவனுடைய நடுநிலைதான்” என்றேன். என் ஜேர்மன் விண்ணப்பப் படிவங்களில் படித்த ஜேர்மன். கோபம் வந்தால் வேற்றுமை உருபெல்லாம் பறந்துவிடும். ஆனாலும் அவருக்கு விளங்கியது.

அப்படியானால் எந்தச் சொல் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஆளை எடுத்துப் போவதற்கு இங்கே ‘அப்கெஹோல்ட்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பொறுப்பாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் அதே தெருக்களில் யூதக் குடும்பங்களைத்தான் அப்படி எடுத்துப் போனார்கள், அவர்கள் யாரும் ஏழு வருடம் கழித்துத் திரும்பவில்லை என்றார். அந்த ஆட்சிக்குக் கருவி செய்து கொடுத்தவருக்கு அதே சொல்லைத் தன்னால் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். என் வீட்டு வாசலில், நடைபாதையில், அப்படிப் போனவர்களின் பெயர் பொறித்த பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். போனவர்களின்! பாருங்கள், என் கையும் அதையேதான் எழுதுகிறது. கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கற்களைத் தாண்டி வேலைக்குப் போகிறவள் நான். அவர் சொன்னது சரி. எனக்கு வெட்கமாக இருந்தது, அதை அவரிடம் சொன்னேன்.

அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அந்தச் சொல் எங்களுக்கு வேண்டாம். அது எங்களுடையது இல்லை. அப்பா குற்றவாளி என்றால் குற்றவாளி என்றே எழுதுங்கள். என்ன செய்தார், யாரை வைத்துச் செய்வித்தார், எல்லாம் எழுதுங்கள். இப்போது உங்கள் பலகையில் அதுவும்தான் இல்லை. நான் அவருடைய பெயரைக் காப்பாற்ற வரவில்லை. ஆனால் போனார் என்று எழுத விடமாட்டேன்.”

இந்த அம்மா பலகையின் அந்த ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டாரே என்று நான் நினைத்தேன். ‘வானொலிக் கருவிகள் செய்தார்’ என்பதும் அதே ஜாதி வசனம்தான். யாருக்காக, எதற்காக என்று அதிலும் இல்லை. பொறுப்பாளரின் காது சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு சொல்லுக்காக ஏன் சண்டை பிடிக்க வேண்டும்? நடந்ததற்குப் பெயர் வைக்காமல் நடந்ததையே எழுதலாம். தகராறு இல்லாத விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று இருவரையும் கேட்டேன். பொறுப்பாளர் கோப்புகளைப் பார்த்துச் சொன்னார், அந்த அம்மா நினைவிலிருந்து சொன்னார், இரண்டும் ஒத்துப்போனதை மட்டும் நான் எழுதினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. கடைசியில் வந்தது இதுதான்:

‘போரின்போது குண்டுவீச்சு விமானங்களுக்கு வானொலிக் கருவிகளை வடிவமைத்தார். அந்தத் தொழிற்சாலையில் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்டவர்களும் இருந்தார்கள். போர் முடிந்த மறுவருடம், ஒக்டோபரில் ஒரு விடியற்காலை, துப்பாக்கி ஏந்திய சோவியத் சிப்பாய்கள் அவருடைய வீட்டுக்கு வந்தார்கள். மூட்டை கட்டச் சில மணித்தியாலம் கொடுத்தார்கள். அவரையும் மனைவியையும் ஆறு வயது மகளையும் லொறியில் ஏற்றினார்கள். பத்து வயது மகன் உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போயிருந்தான். அவனுக்காகக் காத்திருக்க விடவில்லை. ஏழு வருடம் கழித்து மூவரும் திரும்பினார்கள்.’

பலகையில் அவ்வளவுக்கு இடம் இல்லை. எழுத்தைச் சிறிதாக்கலாமா என்று பொறுப்பாளர் கேட்டார். எண்பத்தொன்பது வயதுக்காரர் வாசிக்க வேண்டியது, எழுத்தில் கை வைக்க மாட்டேன் என்றேன். அந்த அம்மா யோசிக்கவேயில்லை. “படத்தைச் சிறிதாக்குங்கள். அப்பாவை வேண்டிய அளவு பார்த்தாயிற்று” என்றார். பொறுப்பாளர் முதல்முறையாகச் சிரித்தார்.

குழுவிடம் கேட்க வேண்டும் என்றுதான் எங்களை அனுப்பினார். மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. திங்கட்கிழமை காலை தானே கடைக்கு வந்தார். குழு கூடுவதற்கு இன்னும் இரண்டு கிழமை ஆகும், அதற்குள் திறப்புவிழா முடிந்துவிடும், கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று தன் பெயரில் கையெழுத்து வைத்துத் தந்தார். வேலை போய்விடுமா என்று கேட்டேன். போகாது, திட்டு விழும் என்றார். முதலாளி கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்து மெசினைப் போட்டார். பலகையில் தாளைக் குமிழி வராமல் ஒட்டும்போது முழுவதையும் மெல்ல வாசித்தார்.

“இதில இனிப் பிழை ஒண்டும் இல்லையே, தங்கச்சி?”

“இல்லை, அண்ணை.”

திறப்புவிழா ஒரு ஞாயிறு பின்னேரம். சேலை உடுத்துப் போனேன். அச்சடித்தவளை யாரும் அழைக்கவில்லை, அந்த அம்மா அழைத்தார். நூலகத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். தமையனை அவருடைய மகள் ஹனோவரிலிருந்து கூட்டி வந்திருந்தாள். ரொலாட்டர் என்கிற, இருக்கை வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தங்கையைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேரே பலகைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ‘வறுக வறுக’வுக்குப் பிறகு என் எழுத்தை யாரும் வாசிக்கும்போது நான் அவ்வளவு பயந்ததில்லை.

முதலிரண்டு வரியில் நின்றார். கட்டாய வேலை பற்றிய வரி. தலையை ஆட்டினார். பிறகு கண்ணாடி கீழே இறங்கியது. உருளைக்கிழங்கு வரியில் வந்து நின்றது, பிறகு நகரவே இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மகள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள், கையால் விலக்கினார்.

“அம்மா என்ன செய்தா?” என்று கேட்டார். திரும்பிப் பார்க்காமல், பலகையைப் பார்த்தே கேட்டார். அவர் வாழ்நாளில் கேட்காத கேள்வி.

தங்கை பக்கத்தில் போய் நின்றார். “வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தா. மகன் வருவான், மகன் வருவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தா. இரண்டு பேர் அவவுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்” என்றார்.

இதை அவர் எனக்கும் சொல்லியிருக்கவில்லை, பொறுப்பாளருக்கும் சொல்லியிருக்கவில்லை. எந்தப் பலகைக்கும் கொடுக்காமல் கேட்க வேண்டியவருக்காக வைத்திருந்திருக்கிறார்.

கிழவர் ரொலாட்டரின் இருக்கையை இறக்கி, அங்கேயே, பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். தோள் இரண்டும் குலுங்கின. அதற்குள் மைக்கில் யாரோ ஊதிப் பார்த்தார்கள். வட்டார அதிகாரி பேச வேண்டிய நேரம். அவர் நிற்பதற்கென்று குறித்திருந்த இடம் அந்தப் பலகைக்கு முன்னால்தான். பொறுப்பாளர் வந்து குனிந்து, கொஞ்சம் ஓரமாக உட்கார முடியுமா, எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இந்தப் பிடிவாதம் குடும்பச் சொத்து என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“மாட்டேன். என் அம்மா போகவில்லை என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். காத்திருக்கட்டும்.”

அதிகாரி மைக்கைக் கீழே வைத்தார். அறுபது எழுபது பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் சுவரோரம் இருந்த ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் போட்டேன். தங்கை அதில் உட்கார்ந்தார்.